கரடி மிச்சம் வைத்த மீன்

கரடிக்குச் சிக்கனம் தெரியாது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா கடற்கரை ஓடைகளில் இலையுதிர் காலத்தில் சால்மன் மீன்கள் முட்டையிடத் திரளாக ஏறி வரும். கரடி ஒரு மீனைக் கவ்விக்கொண்டு, மற்ற கரடிகளின் தொந்தரவு இல்லாத இடம் தேடிக் காட்டுக்குள் போகும். மூளையையும் சினையையும் தின்றுவிட்டு, பாக்கியை அப்படியே போட்டுவிட்டு அடுத்ததற்குத் திரும்பிவிடும். ஓநாய் இன்னும் மோசம். பெரும்பாலும் தலையோடு சரி. நம் வீட்டுப் பாட்டிகள் பார்த்தால் விளக்குமாற்றை எடுத்துவிடுவார்கள்.

அங்குள்ள மரங்களுக்கு இந்த ஊதாரித்தனம்தான் உரம். பசிபிக் ஈரக்காற்று மலைத்தொடரில் மோதிக் கொட்டும் மழையில் வளர்ந்த மிதவெப்ப மழைக்காடு அது. கிரேட் பேர் மழைக்காடு என்று பெயர். சுமார் 64 லட்சம் ஹெக்டேர். ஆயிரம் வயதைத் தாண்டிய சீடார் மரங்களும் உண்டு. ஆனால் அவ்வளவு மழையும் மண்ணின் சத்தைக் கரைத்துக்கொண்டு போய்விடும். நைட்ரஜனுக்கு எப்போதும் பஞ்சம். கடலில் தின்று கொழுத்த சால்மன்தான் அதை உடம்பில் சுமந்து மலையேறி வருகிறது. கரடி போட்டுவிட்டுப் போன மீனைக் காக்கையும் ஈப்புழுவும் பங்குபோட, மிச்சம் மண்ணுக்குள் இறங்குகிறது.

இதற்குச் சாட்சி மரமே. கடலிலிருந்து வரும் நைட்ரஜனில் நைட்ரஜன்-15 என்ற கனமான வகை சற்றுக் கூடுதல். விக்டோரியா பல்கலைக்கழக உயிரியலாளர் டாம் ரெய்ம்கெனும் அவரது குழுவினரும் சால்மன் ஓடைக்கரை மரங்களின் ஆண்டு வளையங்களில் அதன் தடத்தைக் கண்டார்கள்.

இக்காட்டின் நட்சத்திரம் வெள்ளைக் கரடி. இது பனிக்கரடி அல்ல. கருங்கரடிதான்; தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஒரே மரபணு மாற்றம் வந்து சேர்ந்தால் குட்டி வெள்ளையாகப் பிறக்கும். கிரிபெல், பிரின்சஸ் ராயல் தீவுகளில் அதிகம். பகலில் மீன்பிடிக்க இந்த வெள்ளை கைகொடுக்கிறது. வெளிர்வானத்தின் பின்னணியில் நிற்கும் கரடி, தண்ணீருக்குள் இருக்கும் மீனின் கண்ணுக்கு எளிதில் படுவதில்லை.

2016-இல் தொல்குடிகளும் மாகாண அரசும் செய்துகொண்ட உடன்பாட்டால் இக்காட்டின் 85 சதவீதத்தில் தொழில்முறை மரவெட்டு நின்றது. பெரிய வெற்றிதான், சந்தேகமில்லை. ஆனால் கோடரியை நிறுத்திய அந்தக் காகிதத்தால் மீனை வரவழைக்க முடியாது; சால்மன் வளர்வது தொலைவுக் கடலில். மீன் குறைந்த ஆண்டுகளில் கரடிக்கும் சிக்கனம் வந்துவிடுகிறது. மூளை, சினையோடு நிறுத்தாமல் சதையையும் தின்கிறது. மரத்துக்கு விழும் மிச்சம் அந்த அளவுக்குக் குறைகிறது.