இல்லத்தை விட்டு வரும் பிள்ளைகளுக்கு ஊர் துணை நிற்க வேண்டும்
18 வயதுக்குப் பின் மூன்று ஆண்டுகள் முக்கியம்

நாற்றைப் பறித்து நட்டவுடன் எந்த விவசாயியும் வயலை மறந்துவிடுவதில்லை. வேர் பிடித்துப் பச்சை திரும்பும் வரை தண்ணீரை மெல்லியதாகக் கட்டி, காலையும் மாலையும் வரப்பில் நடந்து, செத்துப்போன இடத்தில் பாடுவாசி நிரப்புகிறார். தாய் தந்தையை இழந்து குழந்தைகள் இல்லத்தில் வளரும் பிள்ளைகளுக்கு 18 வயதுதான் நடவுக் காலம். ஆனால் அவர்களை இடம் மாற்றியபின் திரும்பிப் பார்க்கத்தான் பல சமயம் ஆள் இல்லை.

திருவையாறு வட்டாரத்து நெல், வாழை, வெற்றிலைச் சாகுபடிக் கிராமங்களுக்கும் இத்தகைய பிள்ளைகள் திரும்பி வருவதுண்டு. சிலருக்குத் தகப்பனார் வழியில் இரண்டு மா, மூன்று மா நிலம் இருக்கும். சிலருக்கு அதுவும் இராது. இருவருக்குமே ஊரார் செய்யக்கூடிய உதவி உண்டு.

தஞ்சைக்குப் புதிதல்ல

அநாதைப் பிள்ளைகளைத் தொழிலில் நிலைபெறும் வரை காப்பது தஞ்சைச் சீமையின் பழைய வழக்கம். இரண்டாம் சரபோஜி மன்னர் 1801-ஆம் ஆண்டில் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதத்தில் சத்திரங்களின் நடைமுறையை விவரித்துள்ளார். ஆதரவற்ற பிள்ளைகள் ஆசிரியர் பொறுப்பில் விடப்பட்டனர். நாளுக்கு மூன்று வேளை உணவு, நான்கு நாளைக்கு ஒருமுறை எண்ணெய், நோய் கண்டால் மருந்து, அவரவர் விரும்பிய கல்வி ஆகியவை கிடைத்தன. படித்துத் தேறியபின் திருமணச் செலவையும் சத்திரமே ஏற்றது. உணவோடு கடமை முடிந்ததாக அன்று யாரும் கருதவில்லை.

சட்டம் தரும் உதவி

2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 18 வயதில் இல்லத்தை விட்டு வெளியேறுவோருக்குப் பின்பராமரிப்பு உதவி தரச் சொல்கிறது. 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி இதை 21 வயது வரையிலும், தனிக் காரணம் இருந்தால் மேலும் இரண்டு ஆண்டுகளும் தரலாம். மிஷன் வாத்சல்யா திட்டத்தின் 2022-ஆம் ஆண்டு வழிமுறைகள் இதற்கு மாதம் ரூ.4,000 என வகுத்தன. இல்லத்தில் இருக்கும்போதே மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் மூலம் விண்ணப்பம் செய்துவிடுவது நல்லது.

நிலம் யாருக்கு?

பிள்ளை இல்லத்தில் இருக்கும் காலத்தில் பெரியப்பாவோ, சித்தப்பாவோ, மாமாவோ நிலத்தைச் சாகுபடி செய்வது வழக்கம். அதில் தவறில்லை. ஆனால் பயிரிடுவதால் மட்டும் நிலம் அவர்களுடையதாகிவிடாது. 1956-ஆம் ஆண்டு இந்து இளவர் காப்பாளர் சட்டப்படி, உறவினர் என்ற முறையில் மட்டும் காப்பாளராக இருப்பவருக்கு இளவரின் சொத்தை விற்க உரிமை இல்லை. தந்தையோ தாயோ விற்பதானாலும் நீதிமன்றத்தின் முன் அனுமதி வேண்டும். அனுமதியின்றிக் காப்பாளர் விற்றிருந்தால், 18 வயது முடிந்த மூன்று ஆண்டுகளுக்குள் பிள்ளை வழக்குத் தொடரலாம். அதாவது 21 வயதுக்குள் காரியம் ஆக வேண்டும். விவரம் தெரியாமல் இந்தக் காலத்தைக் கடத்திவிட்டால் நிலத்தை மீட்பது கடினம். பெண் பிள்ளைகளுக்கும் சம பங்கு உண்டு. தமிழ்நாட்டில் 1989-இலும், நாடு முழுவதற்கும் 2005-இலும் இந்து வாரிசுரிமைச் சட்டம் அவ்வாறு திருத்தப்பட்டது.

ஊரார் கவனிக்க வேண்டியவை

1. வாரிசுச் சான்று, பட்டா மாற்றம் இரண்டையும் தள்ளிப்போடாமல் செய்து கொடுக்க வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் பிள்ளையை நேரில் அழைத்துச் செல்ல ஒரு பெரியவர் துணை போனால் பாதி வேலை முடிந்தது போலத்தான்.

2. ஆதார், பிறப்புச் சான்று, சாதிச் சான்று, பள்ளி மாற்றுச் சான்றிதழ், வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றை இல்லத்திலிருந்து கேட்டு வாங்கி வர வேண்டும்.

3. சாகுபடி செய்ய விரும்பினால் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் உறுப்பினராக்கலாம். சிட்டா, அடங்கல் இருந்தால் பயிர்க்கடனுக்கு வழி உண்டு. முதல் போகத்தில் முழு நிலத்தையும் ஒப்படைக்காமல், ஒரு மாவில் நாற்றங்கால் முதல் அறுவடை வரை உடன் நின்று கற்றுக்கொடுப்பது நலம்.

4. நிலம் இல்லாதவரைத் தொழிற்பயிற்சி நிலையத்திலோ, வங்கிகள் நடத்தும் ஊரகச் சுய வேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்திலோ சேர்க்கலாம். பின்னதில் பயிற்சியும் உணவும் இலவசம்.

5. வேலைக்கு வைத்துக்கொண்டால் ஊரில் நடக்கும் கூலியைக் கையில் கொடுக்க வேண்டும். "சோறு போடுகிறோம்" என்று கூலியைக் குறைப்பது உதவி ஆகாது.

6. நிலத் தகராறு இருந்தால் கைகலப்பு வேண்டாம். தஞ்சாவூர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும் வருமானம் குறைந்தவர்களுக்கும் இலவச சட்ட உதவி கிடைக்கும்.

பங்காளிகளும் யோசிக்க வேண்டும்

இத்தனை ஆண்டு மடை பார்த்து, உரம் போட்டுப் பயிரிட்டவருக்கும் ஒரு நியாயம் உண்டு. அவர் செலவையும் விளைச்சலையும் ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் கணக்குப் பார்த்து, நிலத்தைப் பிள்ளையிடம் விட்டுக்கொடுத்தால் உறவு அறுபடாது. வேண்டுமானால் முதல் ஓரிரு ஆண்டுகள் எழுத்து மூலமான குத்தகைக்கோ வாரத்துக்கோ அவரே தொடர்ந்து பயிரிடலாம். பிள்ளைக்கு வருமானம் வரும், நிலமும் தரிசாகாது.

பணத்தைவிட இந்தப் பிள்ளைகளுக்கு அரிதாக இருப்பது போய் நிற்க ஒரு வீடு. காய்ச்சலில் படுத்தால் கஞ்சி வைத்துத் தரவும், பொங்கலுக்கு வா என்று கூப்பிடவும், பெண் பார்க்கப் போகையில் பெரியவராக முன்னால் நிற்கவும் ஒரு குடும்பம் முன்வந்தால் போதும். மற்றதைப் பிள்ளையே உழைத்துப் பார்த்துக்கொள்ளும்.

18 வயதுக்குட்பட்ட ஆதரவற்ற குழந்தைகள் பற்றிய தகவலுக்கு 1098 என்ற எண்ணை எந்நேரமும் அழைக்கலாம், கட்டணம் இல்லை.