மணலடியில் மழுங்கும் கல்வெட்டுகள்: டிஜிட்டல் பதிவு எப்படி உதவும்?

கோயில் கல்வெட்டு கல்லில் இருப்பதால் என்றைக்கும் அழியாதுனு நினைக்கிறோம். ஆனால் வெயிலும் மழையும் எழுத்தைத் தேய்க்கும். திருப்பணியில் அழுக்கு நீக்க மணலைப் பீய்ச்சி அடித்தால், நூற்றாண்டுகள் தாங்கிய எழுத்தும் மழுங்கிவிடும்.

இதுவரை எப்படிப் பதிவு செய்றாங்க?

மைப்படி மூலம்தான். ஈரக் காகிதத்தைக் கல்வெட்டின் மேல் ஒட்டி, பிரஷ்ஷால் தட்டி, மை ஒற்றுவார்கள். பள்ளமான எழுத்துகள் வெள்ளையாகத் தெரியும். ஆனால் காகிதமும் நாளாக நாளாக மட்கும். மைசூருவில் இருந்த தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளைச் சென்னைக்கு மாற்ற 2021-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது.

டிஜிட்டலில் என்ன புதுசு?

ஆர்.டி.ஐ என்றொரு முறை இருக்கு. தகவல் உரிமைச் சட்டம் இல்லை, இது படமெடுக்கும் முறை! கேமராவை அசைக்காமல், விளக்கை மட்டும் ஒவ்வொரு பக்கமாக நகர்த்திப் பல படங்கள் எடுப்பாங்க. கணினி அவற்றைச் சேர்த்ததும், திரையில் வெளிச்சத்தை நாமே திருப்பிப் பார்க்கலாம். சாய்வான ஒளியில் விழும் நிழல், தேய்ந்த எழுத்தையும் காட்டிக்கொடுக்கும். கல்வெட்டின் மேல் காகிதம் ஒட்டவே வேண்டாம்.

ஆனால் முழுசா அழிஞ்ச எழுத்தை எந்தக் கேமராவாலும் மீட்க முடியாது. அதனால் திருப்பணி தொடங்கும் முன்பே படம் எடுத்தாகணும்.