திரையைப் பங்கிடும் கணக்கு

1981இல் ஜெராக்ஸ் நிறுவனம் ‘ஸ்டார்’ என்ற அலுவலகக் கணினியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மவுஸ், ஐகான், சாளரம் என்று இன்று நம் கைக்குப் பழகிப்போன எல்லாம் அதில் இருந்தன. அதை உருவாக்கும் காலத்திலேயே பயனர்களை உட்காரவைத்துச் சோதித்த வடிவமைப்பாளர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். ஒரு சாளரத்தின் மேல் இன்னொன்று ஏறி நிற்க விட்டால், மக்கள் சாளரங்களை நகர்த்திச் சரிசெய்வதிலேயே நிறைய நேரத்தைச் செலவிட்டார்கள். பெரும்பாலும் எதற்காகச் சரிசெய்தார்கள் என்றால், ஒன்று மற்றொன்றை மறைக்காமல் இருப்பதற்காக! அந்த வேலையைக் கணினியே செய்துவிடட்டும் என்று முடிவாயிற்று. ஸ்டாரின் திரையில் சாளரங்கள் தாமாகவே அருகருகே அமர்ந்தன.

1985 நவம்பரில் வெளியான விண்டோஸ் 1.0வும் ஏறக்குறைய இதே வழியில்தான் போனது. சிறு உரையாடல் பெட்டிகள் மட்டுமே மேலே மிதக்கலாம். நிரல்களின் சாளரங்கள் திரையைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் 1984இல் வந்த மேகிண்டாஷ், ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும் சாளரங்களை மக்களுக்குப் பழக்கிவிட்டது. 1987இல் விண்டோஸ் 2.0 அதே பக்கம் சாய்ந்தது. அன்று தொடங்கிய இழுப்பும் நகர்த்தலும் இன்றுவரை ஓயவில்லை.

ஆனால் லினக்ஸில் அந்தப் பழைய யோசனை உயிரோடு இருக்கிறது, வளர்ந்துகொண்டும் இருக்கிறது. இதற்கான காரணம் 1984இல் எம்.ஐ.டி.யில் எடுக்கப்பட்ட ஒரு முடிவு. பாப் ஷைஃப்லரும் ஜிம் கெட்டிஸும் எக்ஸ் விண்டோ சிஸ்டத்தை வடிவமைத்தபோது, திரையில் வரைவதற்கான கருவிகளை மட்டும் அது தரட்டும், எது எங்கே இருக்க வேண்டும் என்பதை அது சொல்ல வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டார்கள். அந்தப் பொறுப்பு ‘விண்டோ மேனேஜர்’ என்ற தனி நிரலுக்குப் போனது. பிடிக்காவிட்டால் அதைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டலாம். பிரவுசருக்கும் எடிட்டருக்கும் அது தெரியவே தெரியாது.

இது நடக்கும் விதம் எளிமையானது. ஒரு நிரல், “என் சாளரத்தைக் காட்டு” என்று எக்ஸ் சர்வரிடம் கேட்கிறது. சர்வர் உடனே காட்டுவதில்லை. அந்த விண்ணப்பத்தை விண்டோ மேனேஜரிடம் திருப்பிவிடுகிறது. இப்படி விண்ணப்பங்களைப் பெறும் உரிமை ஒரு நேரத்தில் ஒரே ஒரு நிரலுக்குத்தான் உண்டு. விண்டோ மேனேஜர் அகலம், உயரம், இடம் மூன்றையும் தீர்மானித்து, “இங்கே வை” என்கிறது. நிரல் கேட்ட அளவு 800க்கு 600 பிக்சலாக இருக்கலாம். கிடைப்பது 960க்கு 540ஆக இருக்கலாம். பந்தியில் புதிதாக ஒருவர் வந்து நின்றால் மற்றவர்கள் சற்று நகர்ந்து இடம் கொடுப்பதுபோல, ஏற்கெனவே திரையில் இருப்பவையும் அதே கணத்தில் சுருங்கிக்கொள்கின்றன. இதைத்தான் டைலிங் என்கிறார்கள்.

எப்படிப் பங்கிடுவது என்பதில்தான் ஒவ்வொரு விண்டோ மேனேஜரும் தன் குணத்தைக் காட்டுகிறது. 2006இல் வந்த டிடபிள்யூஎம், முக்கியமான சாளரத்துக்கு இடப்பக்கம் 55 விழுக்காடு அகலத்தைக் கொடுத்துவிட்டு, மற்றவற்றை வலப்பக்கம் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சம உயரத்தில் அடுக்கும். தன் மூல நிரல் 2,000 வரிகளைத் தாண்டக் கூடாது என்ற வரம்பையும் அது தனக்கே விதித்துக்கொண்டது. 2009இல் ஜெர்மனியின் மைக்கேல் ஸ்டாப்பல்பெர்க் தொடங்கிய ஐ3 வேறு வகை. அது திரையை ஒரு மரமாகப் பார்க்கிறது. பணித்தளம் (வொர்க்ஸ்பேஸ்) அடிமரம், பெட்டிகள் கிளைகள், சாளரங்கள் இலைகள். அடுத்த சாளரம் பக்கவாட்டில் வர வேண்டுமா, கீழே வர வேண்டுமா என்பதைப் பயனர்தான் விசை அழுத்திச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் எல்லாம் ஒரே வரிசையில் போய்ச் சேரும்.

1920க்கு 1080 பிக்சல் உள்ள சாதாரணத் திரையில் நான்கு சாளரங்கள் ஒரே வரிசையில் நின்றால், ஒவ்வொன்றுக்கும் 480 பிக்சல் அகலம்தான் மிஞ்சும். டெர்மினலில் ஓர் எழுத்துக்கு 8 பிக்சல் என்று வைத்தால், வழக்கமான 80 எழுத்து வரிக்கு 640 பிக்சல் வேண்டும். ஆக, நான்கிலும் வரிகள் உடைந்துவிடும்.

இதற்குத் தீர்வு ஒரே ஒரு விதி. கவனத்தில் இருக்கும் சாளரத்தின் அகலம் உயரத்தைவிட அதிகமானால் இடவலமாகப் பிரி. உயரம் அதிகமானால் மேல்கீழாகப் பிரி. முதல் சாளரத்துக்கு முழுத் திரை. இரண்டாவது வந்ததும் இரண்டுக்கும் 960க்கு 1080. இப்போது உயரம் அதிகம் என்பதால் மூன்றாவது கீழே போகிறது. அந்தப் பாதியில் இரண்டுக்கும் 960க்கு 540. நான்காவது மீண்டும் பக்கவாட்டில், 480க்கு 540. அகலத்தை உயரத்தால் வகுத்துப் பாருங்கள்: 1.78, 0.89, மறுபடி 1.78, மறுபடி 0.89. சாளரம் சிறுத்துக்கொண்டே போனாலும் அதன் வடிவம் கோணிப்போவதில்லை. நான்கு சாளரம் இருந்தும் இரண்டில் 80 எழுத்து வரி தாராளமாக நிற்கிறது. இவ்வளவு சின்ன விதி இத்தனை ஒழுங்காகத் திரையைப் பங்கிடுவது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

ஐ3இல் இந்த விதியைப் புகுத்தும் வேலையை ‘ஆட்டோடைலிங்’ என்ற சிறு பைத்தான் நிரல் செய்கிறது. ஐ3 தனக்குள் நடப்பதை ஒரு சாக்கெட் வழியே வெளியே அறிவித்துக்கொண்டே இருக்கும். எந்தச் சாளரத்துக்குக் கவனம் போனது என்ற செய்தி வரும்போதெல்லாம், இந்த நிரல் அதன் அளவை வாங்கிப் பார்த்து, பிரிக்க வேண்டிய திசையைத் திருப்பிச் சொல்கிறது. முழு நிரலும் சில திரைப் பக்கங்களுக்குள் அடங்கிவிடும். பைத்தான் தெரிந்த கல்லூரி மாணவர் ஒருவர் ஒரே அமர்வில் படித்துப் புரிந்துகொள்ளலாம். படிக்க வேண்டும் என்றுகூடச் சொல்வேன்.

நிறுவுவது கடினமில்லை. டெபியன், உபுண்டு இரண்டிலும் ஏப்ட் வழியாக ஐ3 கிடைக்கும். நிறுவியபின் உள்நுழையும் திரையில் ஐ3ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதல்முறை அது இரண்டு கேள்வி கேட்கும்: அமைப்புக் கோப்பை உருவாக்கட்டுமா, கட்டளைகளுக்கு விண்டோஸ் சின்னம் உள்ள விசையா ஆல்ட்டா? விண்டோஸ் விசையையே கொடுங்கள். ஆல்ட் விசையைப் பிரவுசரும் எடிட்டரும் ஏற்கெனவே பல குறுக்குவழிகளுக்குப் பயன்படுத்துகின்றன. அந்த விசையுடன் என்டரைத் தட்டினால் டெர்மினல் திறக்கும். எண் 1, 2, 3 தட்டினால் பணித்தளம் மாறும். ஷிஃப்டையும் சேர்த்து எண்ணைத் தட்டினால் சாளரம் அந்தத் தளத்துக்குப் போய்விடும். தொடக்கத்துக்கு இவை போதும்.

பிறகு, பைத்தானின் பிப்எக்ஸ் வழியாக ஆட்டோடைலிங்கை நிறுவி, ஐ3இன் அமைப்புக் கோப்பில் அதை இயக்கச் சொல்லி ஒரு வரி சேர்க்க வேண்டும். அங்கே ‘எக்ஸெக்’ என்ற கட்டளையைவிட, அடிக்கோடு போட்டு ‘ஆல்வேஸ்’ சேர்த்த வடிவமே பொருத்தம். வெறும் எக்ஸெக், உள்நுழையும்போது ஒருமுறைதான் இயக்கும். ஐ3ஐ நடுவில் மறுதொடக்கம் செய்தால் சாக்கெட் தொடர்பு அறுந்துபோகும். நிரல் மீண்டும் எழ வேண்டும். சாளரங்கள் அளவுமீறிச் சிறுக்கின்றன என்று தோன்றினால், ஆட்டோடைலிங்கின் ‘லிமிட்’ தெரிவுக்கு 2 என்ற மதிப்பைக் கொடுத்துப் பாருங்கள். டிடபிள்யூஎம் பாணியில் ஒரு பக்கம் பெரிய சாளரமும் மறுபக்கம் அடுக்கும் அமையும்.

தமிழில் எழுதுபவர்கள் இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. க்னோம் போன்ற முழுமையான டெஸ்க்டாப்புகள் ஐபஸ் என்ற உள்ளீட்டு நிரலைச் சொல்லாமலே இயக்கிவிடும். ஐ3 அப்படிச் செய்வதில்லை. அதற்கும் அமைப்புக் கோப்பில் ஒரு வரி எழுதாவிட்டால் ஐபஸ் வழியாகக் கிடைக்கும் தமிழ் விசைப்பலகை வராமல் போகலாம். விண்டோ மேனேஜரைத் தேர்ந்தெடுப்பதிலும் தமிழுக்கு ஒரு பங்கு இருக்கிறது. ஐ3 எழுத்துகளைப் பாங்கோ நூலகம் வழியாக வரைகிறது. ஆகவே சாளரத் தலைப்பில் ‘கொ’, ‘தெ’ எல்லாம் சரியாகச் சேர்ந்து வரும். டிடபிள்யூஎம் நம்பியிருக்கும் எக்ஸ்எஃப்டி நூலகத்துக்குத் துணையெழுத்துகளை இடம்மாற்றிச் சேர்க்கத் தெரியாது. அங்கே கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். தமிழ்க் கோப்புகளைத் தினமும் கையாள்பவருக்கு ஐ3ஐயே பரிந்துரைப்பேன்.

இத்தனையும் எதற்கு, நிஜமாகவே வேகம் கூடுகிறதா என்று கேட்கலாம். ஜெராக்ஸின் பார்க் ஆய்வகத்தைச் சேர்ந்த சாரா பிளையும் ஜாரெட் ரோசன்பெர்க்கும் 1986இலேயே இதைச் சோதித்தார்கள். சாளரங்களை அதிகம் அசைக்கத் தேவையில்லாத வேலைகளில் டைலிங்தான் விரைவாக இருந்தது. ஆனால் ஒதுக்கப்பட்ட இடத்துக்குள் உள்ளடக்கம் அடங்காமல் அடிக்கடி மாற்ற வேண்டிய வேலைகளில், ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும் சாளரங்கள் சிலருக்கு வேகம் தந்தன; அதிலும் நன்கு கைதேர்ந்தவர்களுக்குத்தான். இவ்வளவு ஆண்டுகள் கழித்தும் இந்த முடிவு எனக்குச் சரியாகவே படுகிறது. நிரல் எழுதுபவர், மொழிபெயர்ப்பாளர், தரவைப் பார்த்துக் கட்டுரை எழுதுபவர் ஆகியோருக்கு டைலிங் உதவும். புகைப்படத் திருத்தம் செய்பவருக்கு அது எரிச்சலையே தரக்கூடும்.

விதிவிலக்குகளுக்கும் அதே அமைப்புக் கோப்பில் இடம் உண்டு. கால்குலேட்டர் பாதித் திரையை அடைத்துக்கொண்டு நிற்பதில் பொருளில்லை. ‘ஃபார் விண்டோ’ என்ற கட்டளையில் அதன் பெயரைச் சொல்லி மிதக்க விட்டுவிடலாம். கோப்பைச் சேமிக்கும் பெட்டி போன்றவை தாம் உரையாடல் பெட்டிகள் என்று தாமே அறிவித்துக்கொள்வதால், சொல்லாமலே மிதக்கும்.

அமைப்புக் கோப்பு என்றாலே தயங்குபவர்களுக்கு வேறு வழியும் இருக்கிறது. சிஸ்டம்76 நிறுவனம் 2020இல் பாப் ஓஎஸ்ஸில் சேர்த்த பாப் ஷெல் நீட்சியில், விண்டோஸ் விசையுடன் ‘ஒய்’ தட்டினால் தானியங்கி டைலிங் தொடங்கும். மறுபடி தட்டினால் நிற்கும். ஒரு வாரம் பழகிப் பார்க்க அது போதும். இப்போது எக்ஸின் இடத்தை வேலண்ட் பிடித்துவருகிறது. அதில் வரைவதும் பங்கிடுவதும் ஒரே நிரலின் பொறுப்பு என்பதால் ஐ3 அங்கே ஓடாது. ஆனால் ஸ்வே என்ற நிரல் ஐ3இன் அமைப்புக் கோப்பையே ஏறக்குறைய அப்படியே படித்துக்கொள்ளும். ஆட்டோடைலிங்கும் அதனுடன் பேசும்.

பாதியாக்கிப் பிரிக்கும் விதிக்கு ஒரு குறை இருக்கிறது: சாளரத்துக்குள் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. அரட்டைச் சாளரத்துக்கும் 12 நெடுவரிசை கொண்ட விரிதாளுக்கும் ஒரே அளவைத்தான் கொடுக்கும். 2023 ஜூலையில் க்னோம் வடிவமைப்பாளர்கள் முன்வைத்த திட்டம் இந்தக் குறையைத்தான் குறிவைக்கிறது. தனக்கு எந்த அளவு வசதி என்பதை ஒவ்வொரு நிரலும் தானே சொல்லட்டும். இடம் இருக்கும்வரை அந்த அளவிலேயே சாளரங்கள் சேர்ந்து நிற்கட்டும் என்கிறார்கள். அதற்கு விண்டோ மேனேஜரை மட்டும் மாற்றினால் போதாது. நிரல்களை எழுதுபவர்களும் அந்த விவரத்தைத் தர வேண்டும்.