காட்டு நிழலும் வீட்டு இருட்டும்

நர்சரிகளில் சின்னச் சின்ன பிளாஸ்டிக் தொட்டிகளில் அடுக்கி வைத்திருக்கும் ஃபிட்டோனியாவைப் பலரும் அதன் இலைக்காகவே வாங்குகிறார்கள். கரும்பச்சை இலை முழுக்க வெள்ளை அல்லது இளஞ்சிவப்பு நரம்புகள் பின்னிக் கிடக்கும். செடி ஒரு சாண் உயரத்துக்கு மேல் போகாமல் தரையோடு படரும். கொலம்பியா, ஈக்வடார், பெரு, பொலிவியா, வட பிரேசில் ஆகிய பகுதிகளின் மழைக்காடுகள்தான் அதன் பிறப்பிடம். ஆனால் குடும்பத்தைப் பார்த்தால் நமக்கு அந்நியமில்லை: கனகாம்பரமும் ஆடாதொடையும் நிலவேம்பும் அதன் தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இப்படி ஆசையாக வாங்கி வந்த செடி இரண்டு மூன்று மாதங்களில் அழுகிப் போனால், வீட்டில் ஒருவர் தண்ணீர் அதிகமாகிவிட்டது என்பார், இன்னொருவர் தண்ணீர் போதவில்லை என்பார். இரண்டுமே பாதி உண்மைதான். வீட்டுக்குள் வைத்த செடி சாவதற்குப் பெரும்பாலும் முதல் காரணம் வெளிச்சக் குறைவு. தண்ணீர்த் தொல்லை அதற்குப் பின்னால் வருவது. வெளிச்சத்தைச் சரிசெய்யாமல் தண்ணீரைக் கூட்டுவதிலும் குறைப்பதிலும் பயன் அதிகமில்லை.

‘இது நிழல் செடி’ என்று நர்சரிக்காரர் சொல்வது பொய்யல்ல. அமேசான் காட்டில் உயர்ந்த மரங்களின் கிளைகளையெல்லாம் தாண்டித் தரைக்கு வந்து சேர்வது, மேலே விழும் வெயிலில் ஏறத்தாழ 1 முதல் 2 சதவீதம் மட்டுமே. ஆனால் அந்த 1 சதவீதம் எவ்வளவு? உச்சி வெயில் சுமார் 1,00,000 லக்ஸ் என்றால், அதில் 1 சதவீதமே 1,000 லக்ஸ் ஆகிறது. போதாததற்கு, கிளை இடுக்குகளின் வழியே அவ்வப்போது சில நிமிடங்கள் வெயில் பொட்டுகள் தரையில் விழுந்து நகரும். காட்டுத்தரைச் செடிகளின் அன்றாட வெளிச்சத்தில் கணிசமான பங்கு அவற்றிலிருந்துதான் கிடைக்கிறது. இனி நம் வீட்டு ஹாலைப் பாருங்கள். ஜன்னலிலிருந்து பத்தடி தள்ளிப் போட்ட டீப்பாயின் மேல் பகலில் 100 லக்ஸ் கிடைத்தாலே பெரிது. அதாவது அடர்ந்த காட்டின் தரையைவிட அந்த டீப்பாய் பத்து மடங்கு இருட்டு. நமக்கு அது தெரிவதில்லை. இருட்டுக்கு ஏற்ப நம் கண்மணி விரிகிறது, விழித்திரையும் தன்னைப் பழக்கிக்கொள்கிறது. செய்தித்தாள் படிக்க முடிகிற இடமெல்லாம் நமக்கு வெளிச்சமான இடம்தான். இலைக்கு அந்த வசதி கிடையாது. சந்தேகம் இருப்பவர்கள் லக்ஸ் அளக்கும் செயலி ஒன்றைச் செல்போனில் இறக்கி, ஜன்னலோரத்திலும் அறையின் மூலையிலும் வைத்துப் பார்க்கலாம். அளவு துல்லியமாக இராது. இரண்டு இடங்களுக்கும் உள்ள வித்தியாசம் போதும், பேச்சை முடித்துவிடும்.

இந்தக் குறைவு வேரை எப்படிக் கெடுக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இலை வெளிச்சத்தைக் கொண்டு சர்க்கரை செய்கிறது. செடியின் உணவு அதுவே, உரமல்ல. வெளிச்சம் குறைந்தால் இலைத்துளைகள் குறைவாகவே திறக்கின்றன, நீர் ஆவியாவது குறைகிறது, அதனால் வேர் மண்ணிலிருந்து நீரை இழுப்பதும் குறைகிறது. ஜன்னலோரத்தில் மூன்று நாளில் காயும் தொட்டி, மூலையில் பத்து நாளானாலும் ஈரமாகவே கிடக்கிறது. மண்துகள்களின் இடையே காற்று இருக்க வேண்டிய இடமெல்லாம் தண்ணீர் நின்றுவிட, வேருக்கு ஆக்சிஜன் கிடைப்பதில்லை. மூச்சு முட்டிய வேரைப் பூஞ்சை போன்ற நுண்ணுயிர்கள் தாக்குகின்றன. இப்படி அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. சுற்றிலும் ஈரம் இருக்கும்போதே இலை துவள்கிறது. அதைக் கண்டு பதறி இன்னொரு குவளை ஊற்றுகிறோம். ‘வாரம் இரண்டு முறை தண்ணீர்’ என்பது போன்ற அட்டவணைகளை நான் ஏற்காதது இதனால்தான். எத்தனை முறை என்பதை அந்த இடத்து வெளிச்சம் தீர்மானிக்கிறது, நாட்காட்டி அல்ல.

‘ஃபிட்டோனியாதான் தாகத்தை வாய்விட்டுச் சொல்கிறதே, துவண்டால் ஊற்ற வேண்டியதுதானே’ என்று கேட்கலாம். உண்மை, மண் காய்ந்தால் இந்தச் செடி மொத்தமாகச் சரிந்து படுத்துவிடும். தண்ணீர் விட்டால் சில மணி நேரத்தில் எழுந்து நிற்கும். ஆனால் அழுகிய வேரும் அதே தோற்றத்தைத்தான் தருகிறது. கடும் வெக்கையில் மண் ஈரமாக இருக்கும்போதே சற்று நேரம் துவள்வதும் உண்டு. ஆகவே இலையை மட்டும் பார்த்து முடிவு செய்யக்கூடாது. மண்ணில் விரலை நுழையுங்கள், அல்லது தொட்டியைக் கையில் தூக்கிக் கனம் பாருங்கள். மேல்மண் காய்ந்து தொட்டி இலேசாக இருந்தால், அடித்துளை வழியே வடியும்வரை ஊற்றலாம். ஈரமாக இருந்து இலை துவண்டால் கை ஊற்றப் போகக்கூடாது. ஒவ்வொரு முறையும் துவளும்வரை காத்திருப்பதும் சரியல்ல; அடிக்கடி சாய்ந்து எழும் செடியின் இலை ஓரங்கள் கருகிப்போகும்.

எங்கள் வீட்டு மூலையில் ஆறு மாதமாக நன்றாகத்தானே இருக்கிறது என்பது அடுத்த மறுப்பு. நர்சரியின் நிழல்வலைக்குக் கீழே சேர்த்து வைத்த மாவுச்சத்தைச் செலவழித்துச் செடி கொஞ்ச காலம் தாக்குப் பிடிக்கும். அதை நன்றாக இருப்பதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கூர்ந்து பார்த்தால் கணுக்களின் இடைவெளி நீண்டிருக்கும், புது இலை முந்தியதைவிடச் சிறுத்திருக்கும், தண்டு ஜன்னல் பக்கம் சாய்ந்திருக்கும். ‘வெளியே வைத்தால் கருகுகிறதே’ என்பவர்களும் சரியாகவே சொல்கிறார்கள். நம் ஊர் பத்து மணி வெயில் நேரே பட்டால் இந்த மெல்லிய இலை தாங்காது. நான் சொல்வது வெயிலை அல்ல, திறந்த வானத்தின் வெளிச்சத்தை: வடக்கு ஜன்னலை ஒட்டிய இடம், காலை இளவெயில் மட்டும் வரும் கிழக்கு ஜன்னல், அல்லது மெல்லிய வெள்ளைத் திரை போட்ட மேற்கு ஜன்னல். ஜன்னலே இல்லாத அறையானால் 9 வாட் எல்இடி பல்பு ஒன்றைச் செடிக்கு ஓரடி மேலே தொங்கவிட்டு, நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் எரியவிட்டால், காட்டுத்தரையின் வெளிச்சத்தை ஓரளவு எட்டிவிடலாம். அதே பல்பை இரண்டடி உயரத்துக்கு ஏற்றினால் கிடைப்பது கிட்டத்தட்டக் கால்பங்குதான்.

இலைமேல் தண்ணீர் தெளிக்கும் பழக்கத்தால் பெரிய லாபம் இல்லை. தெளித்த ஈரம் சற்று நேரத்தில் அறைக் காற்றில் கலந்து போய்விடும். இலையிலேயே தங்கினால் புள்ளி நோய் வரலாம். காற்று வறண்ட குளிர்நாடுகளுக்கு எழுதிய அறிவுரையைக் கடலோர ஊர்களில் அப்படியே பின்பற்றத் தேவையில்லை. ஏசி காற்று நேரே படாமல் பார்த்துக்கொண்டாலே போதும். ஈரக்காற்று வேண்டுமென்றால் கண்ணாடிக் குடுவை நல்ல வழி. 1829 வாக்கில் லண்டன் மருத்துவர் நதானியேல் வார்டு மூடிய புட்டியில் பெரணி முளைத்ததைக் கவனித்தார். அதிலிருந்து அவர் வடிவமைத்த கண்ணாடிப் பெட்டிகளில் 1833இல் செடிகள் கடல்வழியே உயிரோடு சிட்னி போய்ச் சேர்ந்தன. ஃபிட்டோனியாவும் அப்படிப்பட்ட குடுவையில் செழிக்கும். அங்கேயும் வெளிச்சம் வேண்டும், நேர் வெயில் மட்டும் ஆகாது. வெயிலில் வைத்த கண்ணாடிக்குள் செடி வெந்துவிடும்.

வேர் ஏற்கெனவே அழுகியிருந்தாலும் செடி கைவிட்டுப் போனதாக நினைக்க வேண்டாம். கறுத்து வழவழத்த பகுதியை ஒதுக்கிவிட்டு, உறுதியான தண்டுகளை இரண்டு மூன்று கணு இருக்கும்படி கிள்ளி, அடி இலைகளை நீக்கி, ஒரு டம்ளர் தண்ணீரில் ஜன்னலோரம் வையுங்கள். கணுவிலிருந்து வேர் விட்டதும் கோகோபீட்டும் பெர்லைட்டும் கொஞ்சம் மண்புழு உரமும் கலந்த அகலமான, ஆழம் குறைந்த தொட்டியில் ஐந்தாறு தண்டுகளை நெருக்கமாக நடலாம். வெறும் செம்மண் இறுகிவிடும், அடியில் துளையில்லாத அலங்காரத் தொட்டியும் வேண்டாம். நட்ட தொட்டியையும் அந்த ஜன்னலோரத்திலேயே விட்டுவிடுங்கள். டீப்பாய்க்குக் கொண்டுபோக வேண்டாம்.