ரத்தம் வடிக்கும் கிழங்கு: பிளட்ரூட்

இன்னைக்கு நாம பார்க்கப் போறது பிளட்ரூட் என்கிற காட்டுப்பூ. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காடுகளில், வசந்தம் தொடங்கும்போதே, மரங்கள் இலை விடுறதுக்கு முன்னாடி இது பூத்துடும். ஒற்றை இலை தண்டைப் போர்த்தியிருக்க, நடுவில் ஒரு வெள்ளைப் பூ. சில நாட்களில் இதழெல்லாம் உதிர்ந்துடும். விதையில் ஒட்டியிருக்கும் கொழுப்புச் சதைக்காக எறும்புகள் அதை இழுத்துட்டுப் போகும். செடி பரவுவது பெரும்பாலும் அப்படித்தான்.

கிழங்கை உடைச்சா ரத்தம் மாதிரி செந்நிறச் சாறு வரும். பெயர்க் காரணமும் அதுதான். செரோக்கி மக்கள் கூடை முடையும் பட்டைகளுக்கு இதால் சாயம் ஏத்தினாங்க. இருமல், தொண்டைவலி, மூட்டுவலி, காய்ச்சலுக்குப் பல பூர்வகுடிகள் இதை மருந்தாகக் கொடுத்தாங்க. அளவு கூடினா வாந்தி வரும். வாந்தி எடுக்க வைக்கவே கொடுத்ததும் உண்டு. ஆக, அளவுதான் இங்கே முக்கியம்.

காரணம், சாற்றில் உள்ள சாங்குவினரின் என்ற வேதிப்பொருள். அது செல்களைக் கொல்லும். ஆனா எது நோயுற்ற செல், எது நல்ல செல்னு அதுக்குப் பிரிச்சுப் பார்க்கத் தெரியாது. 1850-களில் ஃபெல் என்ற அமெரிக்க மருத்துவர், இந்தக் கிழங்கையும் துத்தநாகக் குளோரைடையும் சேர்த்த பசையை லண்டனில் புற்றுநோய்க் கட்டிகளுக்குப் பூசினார். அதே மாதிரிப் பசை 'பிளாக் சால்வ்' என்ற பெயரில் இன்னைக்கும் இணையத்தில் கிடைக்குது. பூசின இடத்தில் தோல் வெந்து, கறுத்த பொருக்காகி விழும். மேலே குணமான மாதிரி தெரியும். அடியில் புற்றுநோய் தொடர்ந்து வளரலாம். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இதைப் போலிப் புற்றுநோய் மருந்துகளில் ஒன்றாகவே சொல்லி எச்சரிக்குது.

நமக்கும் இதில் ஒரு தொடர்பு இருக்கு. நம்ம ஊர்த் தரிசுகளில் மஞ்சளாப் பூக்கும் முள்செடி பிரம்மதண்டு, பிளட்ரூட்டின் குடும்பம்தான். அதன் விதை எண்ணெயிலும் சாங்குவினரின் உண்டு. 1998-ல் டெல்லியில் கடுகெண்ணெயில் அந்த எண்ணெய் கலந்ததால் பலர் உடல் வீங்கி இறந்தாங்க.

"மூலிகைதானே, என்ன செய்யும்?" என்று யாராவது சொன்னா, இந்தச் செடியை நினைச்சுக்கோங்க. ஆறாத புண்ணோ மாறும் மச்சமோ இருந்தா, பசை தேடாம மருத்துவரைப் பாருங்க. அடுத்த பகுதியில் சந்திப்போம்.