புறங்கையின் அடக்கம்

பிங்-பாங் என்றால் விடுமுறை நாளில் பொழுது போக்குவதற்கான சிறுபிள்ளை விளையாட்டு என்றே நம்மில் அநேகர் எண்ணிவருகிறோம். பந்தின் எடையோ 2.7 கிராம், மேஜையின் நீளமோ ஒன்பது அடி. இதில் என்ன பிரமாத வித்தை இருக்கிறது என்று கேட்போர், இடப்பக்கம் வரும் பந்தை வலக் கையின் புறங்கை வீச்சால் திருப்பிப் பார்க்கட்டும். விடை தானே கிடைத்துவிடும். உள்ளங்கை வீச்சுக்குக் கை தாராளமாகப் பின்னால் போய் வரலாம். புறங்கை வீச்சுக்கோ நம் உடம்பே தடையாக நிற்கிறது.

அதிலும் கடினமானது, மட்டையின் புறங்கைப் பக்கத்தில் நீண்ட முளைகள் உள்ள ரப்பரை ஒட்டி ஆடுவது. பலாப்பழத் தோலைப்போல் அதில் முளைகள் நெருங்கியிருக்கும்; ஆனால் பந்து பட்டதும் அவை வளைந்து கொடுக்கும். வழவழப்பான ரப்பர் பந்தைப் பற்றித் தன் சுழற்சியை அதற்குக் கொடுக்கிறது. இதுவோ பந்தைப் பற்றுவதில்லை. எதிரி மேற்சுழற்சியோடு அனுப்பிய பந்து கீழ்ச்சுழற்சியோடு அவரிடமே திரும்புகிறது. அறியாமல் அடித்தால் வலையில் விழுகிறது. ஆனால் சுழற்சியின்றி வந்த பந்து மந்தமாக மிதந்து சென்று, எதிரிக்கே விருந்தாகிவிடும்!

புதிதாகப் பழகுகிறவர் செய்யும் தவறு ஒன்றுதான்: பந்து வசப்படவில்லை என்றதும் இன்னும் பலமாக வீசுகிறார். அது மேஜையைத் தாண்டிப் போகிறது. பரிகாரம் இதற்கு நேர்மாறானது. மேஜையை ஒட்டி நின்று, பிடியைத் தளர்த்தி, மட்டையை ஏறக்குறைய நேராக வைத்து, பந்து எழும்பும்போதே சந்தித்து, ஒரு சாண் தூரம் முன்னே தள்ளினால் போதும். முதலில் ஒரே இடத்துக்கு ஒரே சுழற்சியுள்ள பந்தை அனுப்பச் சொல்லிப் பழக வேண்டும். பிறகு சுழற்சியை மாற்றி மாற்றி அனுப்பச் சொல்லலாம். அப்போது கண் எதிரியின் மட்டையை விட்டு அகலலாகாது. பந்தின் சுழற்சி அங்கேதான் பிறக்கிறது.

இந்த அப்பியாசத்தின் பலனைத் தேசம் 2018-இல் கண்டது. ஆஸ்திரேலியாவில் கோல்டு கோஸ்ட் நகரில் நடந்த காமன்வெல்த் போட்டியில், டில்லி வீராங்கனை மணிகா பத்ரா இத்தகைய ரப்பரையே புறங்கையில் வைத்து ஆடினார். 2012 ஒலிம்பிக்கில் ஒற்றையர் வெண்கலம் பெற்ற சிங்கப்பூரின் பெங் டியான்வெய்யை அணிப் போட்டியின் இறுதியில் ஒருமுறையும், ஒற்றையர் அரையிறுதியில் மறுமுறையும் வென்றார். அந்த அணிப் போட்டியில் நம் பெண்களுக்கு முதல் தங்கம் கிடைத்தது. ஒற்றையரில் தங்கம் வென்ற முதல் இந்தியப் பெண்மணி என்ற பெருமை மணிகாவுக்குக் கிடைத்தது.

பலம் மிகுந்தவரின் வேகத்தைக் கண்டு பதறாமல், அதையே அவரிடம் திருப்பி அனுப்பும் நிதானம் ஓர் ஆயுதம். அதை நம் வீட்டுச் சிறுமியரும் கற்கலாம். வேண்டியது ஒரு மேஜை, ஒரு மட்டை, குறையாத பொறுமை.