வந்தவர் கணக்கும் வராதவர் கணக்கும்

நம் சங்கத்துக் குடும்பங்களில் பல பிள்ளைகள் இன்று சால்ட் லேக் ஐந்தாம் செக்டரிலும் ராஜர்ஹாட்டிலும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள். யோகா வகுப்பு, நடைப் போட்டி, ரத்தப் பரிசோதனை எல்லாம் கம்பெனியே ஏற்பாடு செய்கிறது. ‘பணியாளர் நலத்திட்டம்’ என்று பெயர். இதனால் மெய்யாகவே பலன் உண்டா, அதை எப்படிக் கணக்குப் பார்ப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள். மருத்துவம் படிக்காத நான் இதை எழுதத் துணிந்ததற்குக் காரணம், இந்தக் கணக்கில் ஒருமுறை நானே ஏமாந்ததுதான்.

பெரிய பஜாரில் எனக்குப் பாத்திர மொத்த வியாபாரம். 2014இல் கடையில் 23 பேர். தெரிந்த மருத்துவர் ஒருவரை மாதம் ஒரு ஞாயிறு வரவழைத்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க ஏற்பாடு செய்தேன். தினமும் காலையில் ஸ்டிராண்டு சாலைப் பக்கம் கங்கைக் கரையோரம் நடை. 14 பேர் சேர்ந்தார்கள். ஆறு மாதம் கழித்து வருகைப் பதிவேட்டைப் புரட்டினால், சேர்ந்தவர்கள் ஆளுக்கு எடுத்த லீவு சேராதவர்கள் எடுத்ததில் பாதிகூட இல்லை! போட்ட பணம் வட்டியோடு திரும்பிவிட்டது என்று பார்த்தவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்தக் குளிர்காலத்தில், சேராத 9 பேரில் ஒருவர், இருபது வருஷமாகக் கிடங்கில் மூட்டை அடுக்கியவர், வேலை நேரத்தில் சரிந்து விழுந்தார். பக்கவாதம். ரத்த அழுத்தம் எக்கச்சக்கமாக இருந்தது. அதற்கு முன் அவருக்கு அதை அளந்ததே இல்லை. ஆஸ்பத்திரியில் பக்கத்தில் உட்கார்ந்து, “ஞாயிற்றுக்கிழமை ஏன் வரலே?” என்று கேட்டேன். குழறிக் குழறிச் சொன்னார்: “ஞாயிறு ஒருநாள்தானே பாபு வீட்டில் இருக்கேன். அதோட, வியாதி இருக்குன்னு தெரிஞ்சா வேலை போயிடுமேன்னு பயம்.”

அப்புறம்தான் புத்தி வந்து படிக்க ஆரம்பித்தேன். என் பேத்தி அச்செடுத்துக் கொடுத்த ஆய்வுகளில் முதலாவது, அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் நடந்தது. 2016இல் அங்கே 4,834 ஊழியரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். 3,300 பேருக்குத் திட்டத்தில் சேர அழைப்பு. மீதி 1,534 பேருக்கு இல்லை. அழைக்கப்பட்டவரில் சேர்ந்தவரையும் சேராதவரையும் மட்டும் ஒப்பிட்டபோது மருத்துவச் செலவிலும் உடற்பயிற்சியிலும் நல்ல வித்தியாசம் தெரிந்தது. குலுக்கலில் பிரிந்த இரு பக்கத்தையும் முழுதாக ஒப்பிட்டதும் அது மறைந்துபோயிற்று! ஏனென்றால் தாமாக வந்து சேர்ந்தவர்கள் திட்டத்துக்கு முன்பே செலவு குறைந்தவர்கள், முன்பே உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போனவர்கள். என் கடையிலும் அதே கதைதான். நடைக்கு வந்த 14 பேரும் இளவயதுக்காரர்கள், பக்கத்துச் சந்துகளில் குடியிருந்தவர்கள். முதல் ரயிலைப் பிடித்து வருகிறவன் நடைக்கு எங்கே வருவான்?

இன்னொரு பொறியும் உண்டு. தந்தேரஸுக்கு முந்தின வாரம் பாத்திர விற்பனை உச்சத்தில் நிற்கும், அப்புறம் தானாக இறங்கும். அந்த இறக்கத்துக்குப் புதுக் கணக்குப்பிள்ளையைக் குற்றம் சொல்வோமா? முதல் நாள் அளவில் ரத்த அழுத்தம் மிகுந்தவர்களை மட்டும் பொறுக்கியெடுத்து மறுமாதம் அளந்தாலும் இப்படித்தான், ஒன்றும் செய்யாமலே சராசரி கொஞ்சம் இறங்கும்.

அமெரிக்காவில் பி.ஜே.ஸ் என்ற மொத்தவிலைக் கடைத் தொடரில் நடந்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. 160 கிளைகளில் குலுக்கிப் போட்டு 20இல் மட்டும் திட்டம். மொத்தம் ஏறக்குறைய 33,000 ஊழியர். பதினெட்டு மாதம் கழித்து, திட்டம் நடந்த கிளைகளில் ‘உடற்பயிற்சி செய்கிறேன்’ என்று சொன்னவர்கள் கூடுதல். ஆனால் அளந்து பார்த்த ரத்த அழுத்தம், கொழுப்பு, எடை எதிலும் குறிப்பிடும்படி மாற்றமில்லை; மருத்துவச் செலவும் லீவும் குறையவில்லை. இதைச் செய்த சீரூய் சாங், கேத்தரின் பெய்க்கர் இருவரும் 2010இல் பழைய ஆய்வுகளைத் தொகுத்து, ஒரு டாலர் போட்டால் மருத்துவச் செலவில் மூன்று டாலருக்கு மேல் மிச்சம் என்று எழுதிய குழுவில் இருந்தவர்கள். தம் பேரேட்டைத் தாமே திருத்திய நேர்மையை வியாபாரி என்ற முறையில் மெச்சுகிறேன்.

அப்படியானால் எல்லாம் வீணா? அவசரப்பட வேண்டாம். நம் நாட்டுத் தொழிற்சாலைகளில் டாக்டர் பிரபாகரன், டாக்டர் ஸ்ரீநாத் ரெட்டி முதலானோர் நடத்திய ஆய்வு 2009இல் வந்தது. சில ஆண்டுகள் விடாமல் நடத்திய திட்டத்தில் எடை, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு எல்லாமே இறங்கின. திட்டமில்லாத இடத்தில் ஏறின. ஆனால் இது குலுக்கலில் பிரித்ததல்ல. அந்தக் கழிவைப் போட்டுத்தான் படிக்க வேண்டும். இங்கே அழுத்தம் இருப்பதே தெரியாதவர் அதிகம்; தெரிவித்து மருந்து கொடுப்பதே பெரிய லாபம் என்பது என் அபிப்பிராயம்.

23 பேரைக் குலுக்கிப் போட்டால் ஒன்றும் தெரியாது, ஆள் போதாது. ஆகவே லீவுக் கணக்கைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். பரிசோதனையை ஞாயிறிலிருந்து வியாழனுக்கு, கடை நேரத்துக்குள்ளேயே கொண்டுவந்தேன், கூலி பிடிப்பதில்லை. முடிவுகள் மருத்துவரிடமே இருக்கும். யாருக்கு என்ன என்று எனக்குச் சொல்லக்கூடாது, எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண்ணிக்கை மட்டும் போதும் என்று எழுதியே கொடுத்துவிட்டேன். நடையை நிறுத்தவில்லை, வருகிறவர் வரட்டும்.

விழுந்தவர் இடது கை சரியாக வராமல் ஒரு வருஷத்தில் திரும்பி வந்தார். இப்போது பில் போடும் மேஜையில் இருக்கிறார். வியாழக்கிழமைகளில் ஒவ்வொருவராக எழுப்பி அனுப்புவது அவர்தான். போன மாதம் 21 பேர் போனார்கள். மற்ற இருவரும் யார் என்று நான் கேட்கவில்லை, அவர் கேட்டிருப்பார்.